சாக்லெட் ரத்தமும் சாய ரத்தமும்!

ஒரு படம் நன்றாக ஓடிவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் எடுப்பது சினிமா உலகத்தில் வழக்கம். முதல் படத்தில் ஒரு பேய் வந்தால் இரண்டாம் படத்தில் பத்துப் பேய்கள் வரும். முதல் படத்தில் ஒரு படி ரத்தம் என்றால் இரண்டாம் படத்தில் ஒரு குடம்! செலவு கூடும், கூச்சல் கூடும், பயம் மட்டும் குறைந்துவிடும். கொட்டகையை விட்டு வெளியே வருகிறவர்கள், "என்ன இருந்தாலும் முதல் படம் போல் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

இந்த வழக்கத்துக்கு அடங்காத இரண்டு படங்கள் அமெரிக்காவில் உண்டு. ஒன்று 1968-ல் வந்த "நைட் ஆப் தி லிவிங் டெட்". அதாவது, உயிருள்ள பிணங்களின் இரவு. மற்றொன்று பத்து வருடம் கழித்து 1978-ல் வந்த "டான் ஆப் தி டெட்". அதாவது, பிணங்களின் விடியல். இரண்டையும் டைரக்டு செய்தவர் ஒருவரே. அவர் பெயர் ஜார்ஜ் ரொமேரோ.

இரண்டு படத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பிடித்துத் தின்கிறார்கள். கடிபட்டவர்களும் செத்து, மறுபடி எழுந்து நடக்கிறார்கள். மூளையில் அடி விழுந்தால் ஒழிய அந்தப் பிணங்கள் அடங்குவதில்லை.

கதை ஒன்று, படங்கள் இரண்டும் ஒன்றல்ல. முதல் படம் கறுப்பு வெள்ளை. அதில் ரத்தம் கொஞ்சம், பயம் அதிகம். இரண்டாவது வண்ணப் படம். அதில் ரத்தம் ஆறாக ஓடுகிறது. நடுநடுவே சிரிப்பும் வருகிறது. அப்படியும், இரண்டாவது படம் முதல் படத்துக்குச் சற்றும் தாழ்ந்ததல்ல என்று சாதிப்பவர்கள் ஏராளம். அதற்குக் காரணம் என்ன?

ஆளுக்கு 600 டாலர்!

ரொமேரோ நியூயார்க்கில் பிறந்தவர். படிப்பதற்காகப் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வந்தார். அது எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ஊர். சினிமாவுக்கும் அதற்கும் வெகு தூரம். அங்கே நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறு கம்பெனி நடத்தினார். டெலிவிஷனுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுப்பதுதான் தொழில்.

விளம்பரம் எடுத்து அலுத்துப் போயிற்று. முழுநீளப் படம் ஒன்று எடுத்துப் பார்க்க ஆசை வந்தது. ஆசை வந்தால் போதுமா? பணம் வேண்டாமா? பத்துப் பேர் கூடினார்கள். ஆளுக்கு 600 டாலர் போட்டார்கள். 6 ஆயிரம் டாலர் சேர்ந்தது. அதை வைத்துப் படத்தைத் தொடங்கினார்கள். பிறகு தெரிந்தவர்களிடம் எல்லாம் பங்கு சேர்த்தார்கள். கடைசியில் ஆன செலவு சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது கைச்செலவு!

பிட்ஸ்பர்க்குக்கு அருகே இவான்ஸ் சிட்டி என்ற சிற்றூரில் இடிக்கப் போகிற பண்ணை வீடு ஒன்று கிடைத்தது. 1967-ல் அங்கே படப்பிடிப்பு நடந்தது. பணம் போட்டவர்களே வேஷமும் போட்டார்கள். பங்குதாரர் கார்ல் ஹார்ட்மன், ஹாரி கூப்பர் என்ற முன்கோபியாக நடித்தார். படத்தில் செத்துப் பிழைத்துத் தன் தகப்பனையே தின்கிறாளே ஒரு சிறுமி, அந்த வேஷத்தில் நடித்தவள் யார் தெரியுமா? ஹார்ட்மனின் சொந்த மகள்!

கறுப்பு வெள்ளைப் படத்தில் ரத்தம் சிவப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கறுப்பாகத் தெரிந்தால் போதும். ஆகவே சாக்லெட் பாகை ஊற்றினார்கள். பணம் போட்டவர்களில் ஒருவர் கறிக்கடைக்காரர். அவர் தயவில் குடலும் இறைச்சியும் வந்தன. பிணங்கள் கடித்து இழுப்பது அவற்றைத்தான்!

மாடியா, பாதாள அறையா?

படத்தின் கதை ஒரே இரவில், பெரும்பாலும் ஒரே வீட்டில் நடந்து முடிந்துவிடுகிறது.

தகப்பனின் கல்லறைக்கு மலர் வைக்க அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். தள்ளாடிக்கொண்டே வந்த ஒருவன் அண்ணனைக் கொன்றுவிடுகிறான். தங்கை பார்பரா ஒரு பண்ணை வீட்டுக்குள் ஓடி ஒளிகிறாள். பென் என்ற கறுப்பு இளைஞன் அங்கே வந்து சேர்கிறான். கதவு, ஜன்னல்களில் பலகை வைத்து ஆணி அடிக்கிறான். அதற்குப் பிறகுதான் தெரிகிறது, பாதாள அறையில் ஏற்கெனவே ஐந்து பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று. கூப்பர், அவன் மனைவி, காயம்பட்ட மகள், ஓர் இளம் ஜோடி.

அங்கேதான் சண்டை ஆரம்பமாகிறது. "பாதாள அறைதான் பத்திரம்" என்கிறான் கூப்பர். "அங்கே போனால் தப்ப வழி இல்லை, மேலேதான் இருக்க வேண்டும்" என்கிறான் பென். வெளியே பிணங்கள் கூடிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே உயிரோடு இருக்கும் ஏழு பேர் ஒற்றுமையாக இல்லை. ஒவ்வொருவராக மடிகிறார்கள்.

பயங்கரமான காட்சிகள் இல்லாமல் இல்லை. லாரி வெடித்து இறந்த இளம் ஜோடியைப் பிணங்கள் பங்கு போட்டுத் தின்கின்றன. சிறுமி எழுந்து கரண்டியால் தாயைக் குத்துகிறாள். ஆனால் அந்தக் கரண்டி உடலில் இறங்குவதை காமிரா காட்டுவதில்லை. நிழலும் அலறலும் சுவரில் தெறிக்கும் கறுப்புத் துளிகளும்தான் தெரிகின்றன. மீதியைப் பார்ப்பவர்களின் மனமே நிரப்பிக்கொள்கிறது.

விடிந்ததும் வந்த சாவு

கடைசியில் மிஞ்சுகிறவன் பென் ஒருவன்தான். அவன் எங்கே ஒளிந்து பிழைக்கிறான்? எது வேண்டாம் என்று இரவெல்லாம் வாதாடினானோ, அந்தப் பாதாள அறையில்தான்!

பொழுது விடிகிறது. துப்பாக்கி ஏந்திய ஊர்க்காரர்கள் போலீசாரோடு வந்து பிணங்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். சத்தம் கேட்டுப் பென் மேலே வருகிறான். ஜன்னல் ஓரத்தில் நின்று பார்க்கிறான். வெளியே இருப்பவர்கள் அவனையும் பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். கொக்கி போட்டு இழுத்துக் குவியலில் எறிந்து எரிக்கிறார்கள். படம் முடிகிறது.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பர். கதை எழுதும்போது அந்த வேஷம் கறுப்பருக்கு என்று நினைத்து எழுதப்படவில்லை. நடிக்க வந்தவர்களில் அவரே சிறந்தவராக இருந்ததால் அவரைப் போட்டோம் என்று ரொமேரோ பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் காலம் அந்த முடிவுக்கு வேறு அர்த்தம் கொடுத்துவிட்டது. 1968 ஏப்ரல் 4 அன்று படப்பெட்டியை காரில் போட்டுக்கொண்டு ரொமேரோ நியூயார்க் போய்க்கொண்டிருந்தார். வழியில் கார் ரேடியோவில் செய்தி வந்தது: மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்!

வெள்ளையர்கள் துப்பாக்கியோடு வந்து ஒரு கறுப்பரைச் சுட்டு, கொக்கி போட்டு இழுக்கும் காட்சியை அதற்குப் பிறகு யாரால் வெறும் பேய்க் கதையாகப் பார்க்க முடியும்?

அழுத குழந்தைகள்

1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் படம் திரையிடப்பட்டது. அப்போது அமெரிக்காவில் படங்களை வயதுவாரியாகத் தரம் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வரவில்லை. அது அடுத்த மாதம்தான் வந்தது. பிள்ளைகள் வழக்கமான பூதப் படம் என்று நினைத்துப் பகல் காட்சிக்குக் கூட்டமாகப் போனார்கள்.

ரோஜர் ஈபர்ட் என்ற பிரபல விமரிசகர் சிக்காகோவில் அப்படி ஒரு பகல் காட்சிக்குப் போயிருந்தார். முதலில் பிள்ளைகள் உற்சாகமாகக் கத்தினார்களாம். போகப் போகக் கொட்டகையில் பேச்சு மூச்சு இல்லை. ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பற்றி அவர் 1969-ல் எழுதினார். கதாநாயகன் பிழைப்பான் என்று நம்பி வந்த பிள்ளைகளுக்கு, யாருமே பிழைக்காத படத்தைக் காட்டினால் என்ன செய்வார்கள்?

படம் சக்கைப்போடு போட்டது. ஆனால் எடுத்தவர்களுக்கு லாபம் முழுதும் வந்து சேரவில்லை. அது ஒரு பரிதாபக் கதை. படத்துக்கு முதலில் வைத்த பெயர் வேறு. வினியோகஸ்தர்கள் பெயரை மாற்றியபோது பழைய தலைப்பு அட்டையை எடுத்துவிட்டார்கள். காப்பிரைட் வரியும் அந்த அட்டையில்தான் இருந்தது! அந்த வரி இல்லாமல் படம் வெளிவந்தால் உரிமை போய்விடும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். ஆகவே யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் காட்டலாம் என்றாகிவிட்டது. ஊரெல்லாம் பார்த்தது, பெட்டியில் பணம் இல்லை.

கடைக்குள் புகுந்த பிணங்கள்

இரண்டாம் படம் எடுக்க ரொமேரோ அவசரப்படவில்லை. பொருத்தமான இடம் கிடைக்கும்வரை காத்திருந்தார். அந்த இடம் 1974-ல் கிடைத்தது.

பிட்ஸ்பர்க்குக்கு அருகே மன்ரோவில் என்ற ஊரில் 1969-ல் ஒரு பெரிய 'மால்' திறந்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள். அதை நிர்வகித்தவர்களில் ஒருவர் ரொமேரோவுக்குப் பழக்கமானவர். அவர் அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். மேல்தளத்தில் பொதுமக்கள் கண்ணில் படாத அறைகள் இருந்தன. ஆபத்து வந்தால் இங்கேயே ஒளிந்து காலம் தள்ளலாம் என்று பேச்சு வந்தது. ரொமேரோவுக்குக் கதை கிடைத்துவிட்டது!

இத்தாலியில் திகில் படங்களுக்குப் பேர்போன டைரக்டர் டாரியோ அர்ஜெண்டோ கை கொடுத்தார். ரொமேரோவை ரோமாபுரிக்கு வரவழைத்து அங்கே உட்கார்ந்து கதை எழுத வைத்தார். சுமார் 6½ லட்சம் டாலரில் படம் தயாராயிற்று. கடைகள் மூடியபின் இரவு 11 மணிக்கு படப்பிடிப்பு தொடங்கும். காலை 7 மணிக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தபோது கடைகளில் தோரணம் கட்டிவிட்டார்கள். அதை இரவுதோறும் கழற்றிக் கட்ட முடியாது என்பதால், பண்டிகை முடியும்வரை அங்கே படப்பிடிப்பையே நிறுத்தி வைத்தார்கள்.

போர்க்களம் கண்ட கைகள்

முதல் படத்தில் சாக்லெட் பாகு. இரண்டாம் படத்தில் பளிச்சென்ற சிவப்புச் சாயம். அதைக் கையாண்டவர் டாம் சவினி என்ற ஒப்பனைக் கலைஞர். இவரும் பிட்ஸ்பர்க்காரர்தான். முதல் படத்திலேயே வேலை செய்திருக்க வேண்டியவர். ஆனால் அந்தச் சமயத்தில் ராணுவ அழைப்பு வந்துவிட்டது. வியட்நாமில் போர்க்களப் புகைப்படக்காரராக வேலை பார்த்தார். சிதைந்த உடல்களைக் கண்ணால் கண்டவர், காமிராவாலும் கண்டவர். திரும்பி வந்தபின் அவர் செய்த பொய்க் காயங்கள் மெய்க் காயங்கள் போல் இருந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆனால் ரத்தத்தின் நிறம் அவருக்கே பிடிக்கவில்லை. படத்தில் மிகவும் பளபளப்பாகத் தெரிந்தது. ரொமேரோவோ, "சித்திரக் கதைப் புத்தகம் போல் இருக்கட்டும்" என்ற எண்ணத்தில் அதையே வைத்துக்கொண்டார்.

படம் தொடங்கிய சிறிது நேரத்துக்குள் ஒரு மனிதனின் தலை துப்பாக்கிக் குண்டில் வெடித்துச் சிதறுகிறது. கழுத்தில் கடித்துச் சதையைப் பிடுங்குகிறார்கள். இதற்கு 'எக்ஸ்' முத்திரைதான் கிடைக்கும் என்று தெரிந்ததும், படத்தைத் தர முத்திரை இல்லாமலே 1979-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று விளம்பரத்தில் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நியூயார்க் டைம்ஸ் விமரிசகர் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். முதல் படத்தைப் பார்த்துக் கலங்கிய ஈபர்ட்டோ இதற்கு நான்கு நட்சத்திரமும் கொடுத்துப் பாராட்டினார்!

எல்லாம் இருந்தும்...

இரண்டாம் படத்தில் நால்வர். பீட்டர், ரோஜர் என்ற இரண்டு போலீஸ்காரர்கள். ஹெலிகாப்டர் ஓட்டும் ஸ்டீபன். அவனுடைய காதலி பிரான். நாலு பேரும் ஹெலிகாப்டரில் தப்பி வந்து மாலின் கூரையில் இறங்குகிறார்கள்.

உள்ளே பார்த்தால் பிணங்கள் கடை கடையாக உலாவுகின்றன. தானாக நகரும் படியில் ஏறி விழுகின்றன. கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இவை ஏன் இங்கே வருகின்றன என்று பிரான் கேட்கிறாள். உயிரோடு இருந்தபோது இந்த இடம் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. அந்த ஞாபகம்தான் இழுக்கிறது என்கிறான் ஸ்டீபன்.

நம்மவர்கள் உயிரோடு இருந்தும் உயிரற்றவனை 'நடைப்பிணம்' என்பார்கள். ரொமேரோவின் இரண்டாம் படம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நால்வரும் வாசலை அடைத்துப் பிணங்களைச் சுட்டு ஒழிக்கிறார்கள். மால் முழுவதும் அவர்களுக்கே சொந்தம். கைக்கடிகாரம், மென்மயிர்க் கோட்டு, விதவிதமான சாப்பாடு, பாங்கில் கட்டுக்கட்டாகப் பணம்! பணத்தை வைத்து என்ன செய்வது? வாங்கவும் ஆள் இல்லை, விற்கவும் ஆள் இல்லை. நாளாக நாளாக முகத்தில் களை போய்விடுகிறது. பேச்சு குறைகிறது. வெளியே உலாவும் பிணங்களுக்கும் உள்ளே உலாவும் இவர்களுக்கும் வித்தியாசம் தேட வேண்டியிருக்கிறது.

பிறகு மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று கொள்ளையடிக்க வருகிறது. பிணங்களின் முகத்தில் தின்பண்டத்தை அப்பி விளையாடுகிறது. ஒளிந்தே இருந்தால் அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் ஸ்டீபனுக்குப் பொறுக்கவில்லை. "இது எங்களுடையது" என்ற ஆத்திரம். அவன் கையால் ஒரு பொருளாவது சம்பாதித்ததா? இல்லை! ஆனாலும் சுடுகிறான். அதனால் சாகிறான். செத்தபின் எழுந்து, தனக்கு முக்கியமான இடத்தைத் தேடி வருகிறான். நண்பர்கள் மறைந்திருக்கும் அறைக்கு மற்றப் பிணங்களுக்கும் வழி காட்டிவிடுகிறான்!

ரத்தம் ஏன் அவ்வளவு?

முதல் படத்தில் பயப்படுவது போல் இரண்டாம் படத்தில் பயப்பட முடியாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படமும் நீளம். பிணங்களின் சாம்பல் பூச்சு சில காட்சிகளில் நீலமாகத் தெரிகிறது. முதல் சில சாவுகள் குலை நடுங்க வைக்கின்றன. இருபதாவது சாவு வரும்போது கண் பழகிவிடுகிறது. ஐம்பதாவது சாவில் சிரிப்பு வருகிறது.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. திரையில் உள்ளவர்களுக்கும் அதேதான் நேர்கிறது! பிணத்தைச் சுடுவது முதலில் அருவருப்பு, பிறகு வேலை, பிறகு விளையாட்டு. விளையாட்டு என்று நினைத்த மமதையில்தான் ரோஜர் கடிபடுகிறான். பார்ப்பவர்களையும் அதே நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது அந்தச் சாய ரத்தம்.

அப்புறம் ரோஜர் சாகிற காட்சி வருகிறது. திரும்பி எழாமல் இருக்க முயற்சி செய்வேன் என்று நண்பனிடம் சொல்லிவிட்டுச் சாகிறான். முகத்தைப் போர்வை மூடியிருக்கிறது. பீட்டர் துப்பாக்கியோடு எதிரே உட்கார்ந்து காத்திருக்கிறான். போர்வை மெல்ல அசைகிறது...

படத்திலேயே நெஞ்சை உலுக்கும் காட்சி அதுதான். அதில் ஒரு குடம் ரத்தம் இல்லை. முதல் படத்தில் கற்ற பாடத்தை ரொமேரோ மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு முடிவுகள்

முதல் படத்தில் பார்பரா அதிர்ச்சியில் பேச்சற்று உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டாம் படத்தில் பிரான் கர்ப்பிணி. ஆனாலும் எனக்கும் துப்பாக்கி வேண்டும், ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக் கொடு என்று கேட்கிறாள். கற்றும் கொள்கிறாள்.

இரண்டாம் படத்துக்கு ரொமேரோ முதலில் எழுதிய முடிவில் பீட்டரும் பிரானும் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொள்கிறார்கள். படம் எடுக்கும்போது மனம் மாறியது. பீட்டர் துப்பாக்கியைத் தன் தலையில் வைக்கிறான். கடைசி நொடியில் எடுத்துவிட்டுப் பிணங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கூரைக்கு ஓடுகிறான். பிரான் ஹெலிகாப்டரைக் கிளப்புகிறாள்.

பீட்டராக நடித்த கென் போரியும் கறுப்பர்தான். பத்து வருடத்துக்கு முன் ஒரு கறுப்பரை விடியற்காலையில் சுட்டு எரித்த அதே டைரக்டர், இந்தத் தடவை ஒரு கறுப்பரை விடியற்காலையில் வானத்தில் ஏற்றி அனுப்புகிறார்.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்தது. முதல் படத்தை 1990-ல் மறுபடி வண்ணத்தில் எடுத்தார்கள். கதை வசனம் ரொமேரோ. டைரக்டு செய்தவர், போருக்குப் போனதால் முதல் படத்தைத் தவறவிட்ட டாம் சவினி! 1999-ல் அமெரிக்க அரசு, பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் முதல் படத்தைச் சேர்த்தது. இரண்டாம் படத்தை 2004-ல் வேறொருவர் புதிதாக எடுத்தார். ரொமேரோ 2017 ஜூலையில் காலமானார்.

எது பெரிய படம் என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. பயப்பட வேண்டும் என்றால் முதல் படம்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் படம், மனிதன் மனிதனோடு சேராவிட்டால் அழிவான் என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டாம் படம் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கிறது. பிழைத்தாயே, பிழைத்து என்ன செய்தாய்? கடையில் இருந்த அத்தனை பொருளாலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ஹெலிகாப்டர் மேலே போகிறது. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று பீட்டர் கேட்கிறான். அதிகம் இல்லை என்கிறாள் பிரான். பரவாயில்லை என்கிறான் அவன். கீழே கடைகள் எல்லாம் பிணங்களுக்கே சொந்தமாகிவிட்டன. மேலே இரண்டு பேருக்கும் கையில் ஒன்றும் இல்லை, உயிர் இருக்கிறது.